வறுத்த மண்

பிள்ளைகள் விளையாடுவதற்காக நான் மண் வறுத்திருக்கிறேன். கடலையோ அரிசியோ இல்லை, மண்ணைத்தான் சொல்கிறேன். ஆற்றங்கரையிலிருந்து கூடை நிறைய அள்ளி, கல்லும் வேரும் போகச் சலித்து, எங்கள் டீக்கடையின் பெரிய இரும்புச் சட்டியில் கொட்டி, ஆவி அடங்கும்வரை விறகடுப்பில் கிளற வேண்டும். கிருமி செத்துவிடுமாம். மறுநாள் காலையில் திருவனந்தபுரம் நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைகள் அந்த மண்ணில் கைவைத்து இயற்கையோடு உறவாடுவார்கள். முதல் நாள் நான் கிளறிக்கொண்டிருப்பதை என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உப்பும் நல்லமொளகும் போட்டாச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளத்துக்கு வறுக்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்.

இது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆன சமயம். நாங்கள் கல்லாற்றில் இருந்தோம். பொன்முடி ஏறுகிற வண்டிகள் மலைக்கு முன்னால் கடைசியாக நின்று மூச்சு விடுகிற இடம் அது. டீ, பழம்பொரி, நாரங்கா சோடா விற்கிற நாலைந்து கடைகள், பின்னால் உருண்டைப் பாறைகளுக்கு இடையே ஓடுகிற ஆறு. நான் பாறசாலைப் பக்கத்துக்காரி, பத்தாம் வகுப்பு தேறியவள், கல்யாணமாகி அங்கே வந்தவள். எங்கள் கடையின் பின்வாசல் ஆற்றைப் பார்த்துத் திறக்கும். என் மகள் நடக்கப் பழகியதே அந்தப் பாறைகளைப் பிடித்துத்தான்.

மேடம் ஒருநாள் டீ குடிக்க வந்தார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அக்ரகாரத் தெருவில் பிறந்து, வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றவர் குடிக்கவே இல்லை. ஆற்றில் துவர்த்துத் துண்டை விரித்துப் பரல் மீன் பிடித்துக்கொண்டிருந்த என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவளுக்கு நாலு வயது முடியவில்லை. மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்து என்னவோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் கொழந்தைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தொலைத்த நகையைக் கண்டெடுத்தவர் போல் ஆகிவிட்டார்.

இரண்டு மாதத்தில் கடைக்கு மேலே ஆற்றை ஒட்டிக் கிடந்த கிராம்புத் தோட்டம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, காட்டு நர்சரி ஆரம்பித்துவிட்டார். சுவர் கிடையாது, பெஞ்சு கிடையாது, புத்தகம் கிடையாது. விளையாட்டுதான் பாடம், காடுதான் டீச்சர். எனக்கு உதவியாளர் வேலை. உதவியாளர் என்றால் மண் வறுப்பது, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுவது, கழுவிய பிள்ளைகளை மறுபடி கழுவுவது.

துணி வெளுப்பதும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் தீராது. பிள்ளைகள் பழைய உடையில் வரவேண்டும், அழுக்காகுமே என்ற பயம் இருக்கக்கூடாது என்று மேடம் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீடுகளில் பழைய துணியே இல்லை. ஒரு பட்டன் போனால் வேலைக்காரி வீட்டுக்குப் போய்விடும் துணிகள். ஆகவே அவர்கள் கடைக்குப் போய்ப் புதுச் சட்டைகள் வாங்கி, பழசாக்கித் தரச் சொல்லி வேனிலேயே அனுப்பிவிட்டார்கள். நான் அவற்றைப் பாறையில் அடித்து அடித்து, வெயிலில் காயவைத்து, சாயம் போகவைத்தேன். ஒரு தாய் மட்டும் சட்டையைத் திருப்பி அனுப்பினாள். கூடவே ஒரு சீட்டு: இன்னும் கொஞ்சம் பழசாக வேண்டுமாம். பக்கத்தில் என் மகள், உண்மையிலேயே பழசான கவுனில், தோளில் ஊக்கு குத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் மூன்று நாள் வேன் வரும். பதினொரு பிள்ளைகள். நெடுமங்காடு தாண்டி வளைவு வளைவாக வருவதால் ஒன்றிரண்டு வாந்தி எடுத்திருக்கும். இறக்கி, முகம் கழுவி, வட்டமாக உட்காரவைத்து மேடம் ஒரு பாட்டுப் பாடுவார். அப்புறம் விட்டுவிடுவார். அதன்பிறகு பெரியவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. "நாம ஒண்ணும் சொல்லப்படாது, கேட்டியா. அவாளே கண்டுபிடிக்கணும்" என்பார். பதினொரு பிள்ளைகளும் வறுத்த மண்ணை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றும். மேடம் பாறைமேல் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். என் மகள் மூன்று வருடமாகக் காசு கொடுக்காமல் இதே ஆற்றில் கிடந்தாள். ஒரு நோட்டும் அவளுக்காகத் திறக்கவில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அவளையும் அந்தப் பிள்ளைகளோடு விடலாம் என்று மேடம் சொன்னது எனக்குப் பெரிய சங்கதி. கடையில் ஒரு பக்கம் கொதிக்கிற எண்ணெய், ஒரு பக்கம் ரோட்டில் டூரிஸ்ட் பஸ், பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை தீர்ந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று. முதல் நாளே மேடம் சொல்லியிருந்தார்: "ரெண்டு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். டவுன்ல நல்ல ஸ்கூல்ல ஒண்ணாம் கிளாசுக்கு நான் லெட்டர் தரேன்." அவர் கடிதம் கொடுத்தால் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லாற்றில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக நான் மண் மட்டுமில்லை, ஆற்றையே வறுத்திருப்பேன்.

ஆனால் என் மகள் வாயாடி. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அந்தப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே திரிந்தன. புளியாரை இலையை மென்றால் நாக்கு கூசும் என்று காட்டினாள். துவர்த்தின் இரண்டு முனையைப் பிடித்து மீன் கோரக் காட்டினாள். வழுக்குகிற பாறை எது, வழுக்காதது எது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லக் கற்றுக்கொடுத்தாள். நகரத்துப் பிள்ளைகள் என்றால் மக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு மாதத்தில் பதினொன்றும் ஆற்றில் பூனை மாதிரி நடந்தன. வேனில் வந்த நாளில் வெறும் காலைத் தரையில் வைக்க அழுத பிள்ளைகள் அவை. இதை நான் மனதாரச் சொல்கிறேன். அங்கே கிடைத்த ஒரே நல்ல காரியம் அது, அதைச் செய்தது மேடமும் இல்லை, நானும் இல்லை.

மேடத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஒருநாள், கண்ணாடி போட்ட பையன் ஒருவன் சொறியணத்தை நோக்கிக் கையை நீட்டினான். தொட்டால் அரைநாள் அரித்து எடுக்கிற செடி. என் மகள், "தொடாத, சொறியும்!" என்று பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். மேடம் பாறையிலிருந்து இறங்கி வந்தார். "ஒரு கண்டுபிடிப்பைக் கெடுத்துட்டா பாரு" என்றார் என்னிடம். எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பையனின் கை வீங்கியிருக்க வேண்டும் என்கிறாரா? ஆமாம், அதைத்தான் சொன்னார். நான் சரி மேடம் என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்பேன்.

அப்புறம் வந்தது ஆற்றுக் கூப்பாடு விவகாரம். அந்த ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே பொன்முடியில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும். மலைவெள்ளம் என்பார்கள். முதலில் காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் வரும், தண்ணீர் டீ நிறமாகும், அப்புறம் எண்ணி ஐந்து நிமிடம்தான். அதனால் கரையில் ஒரு வழக்கம். இலை வருவதை யார் முதலில் பார்த்தாலும், சின்னவரோ பெரியவரோ, "கேறிக்கோ!" என்று கூவ வேண்டும். கரையேறு என்று அர்த்தம். அடுத்த கடவுத் துறையில் குளிக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கீழே கூவுவார்கள். இப்படியே கடவு கடவாகக் கூப்பாடு வெள்ளத்துக்கு முன்னால் ஓடும். கூப்பிடாமல் தான் மட்டும் ஏறி நின்றவன் மூஞ்சியில் அந்த ஊரில் யாரும் முழிக்க மாட்டார்கள்.

என் மகள் இதை விளையாட்டாக்கிவிட்டாள். தண்ணீரில் ஒரு கைப்பிடி இலையை விட்டுவிட்டு, "கேறிக்கோ!" என்று கத்துவாள். உடனே எல்லாரும் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய பாறைமேல் ஏற வேண்டும். கடைசியாக ஏறுகிறவர் தோற்றவர். பிள்ளைகளுக்கு அதைவிட இஷ்டமான விளையாட்டு வேறு இல்லை. ஒரு பிள்ளை வீட்டில் போய், குளியலறையில் வாளித் தண்ணீர் நிரம்பும்போது "கேறிக்கோ" என்று கத்திக் கட்டில்மேல் ஏறி நின்றதாம். அதன் அப்பா மேடத்துக்குப் போன் செய்து, என் பிள்ளைக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் மேடம் என்னைத் தார்ப்பாய்க்கு அடியில் தனியாகக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை, அவருக்கு உயர்த்தவே தெரியாது. "கொழந்தைகள் மனசுல பயத்தை வெதைக்கப்படாது. உன் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவ எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிடறா. மத்தவாளுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேங்கறா. அவளை அடக்கி வை. முடியாதுன்னா நாளையிலேர்ந்து அழைச்சுண்டு வராதே."

எந்தப் பிள்ளையைப் பார்த்து இந்த இடத்தையே தேடிப் பிடித்தாரோ, அந்தப் பிள்ளைதான் இப்போது இடைஞ்சல். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கடைக்கு நடந்திருக்கலாம். நான் நினைத்தது கடிதத்தைத்தான். "நான் பாத்துக்கிடுதேன் மேடம்" என்றேன்.

அன்று சாயங்காலமே அவளைப் பின்வாசலில் உட்காரவைத்துப் பழக்க ஆரம்பித்தேன். ஒரு குச்சியால் சொறியணத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது என்ன மக்களே?"

"சொறியணம்."

"இல்ல. ஆராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"சொறியணம்தான் அம்மா."

"தெரியாதுன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரிஞ்சாலும் சொல்லப்பிடாது. கேறிக்கோன்னும் விளிக்கப்பிடாது. அவங்க தானா கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிக்கலேன்னா?"

கடைப் பாட்டிலிலிருந்து ஒரு நாரங்கா மிட்டாயை எடுத்து அவள் வாயில் போட்டேன். வாய் திறக்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மிட்டாய், வேன் போனதும் தருவேன் என்று சொன்னேன். மூன்று சாயங்காலத்தில் அவளுக்கு எதுவுமே தெரியாமல் போனது. பரல் மீனைக் காட்டினால் தெரியாது, புளியாரையைக் காட்டினால் தெரியாது. அப்படியொரு சுறுசுறுப்பான மாணவி. நான் மட்டும் மோசமான டீச்சரா என்ன? மேடத்தால் ஒன்றரை வருடத்தில் முடியாததை நான் மூன்று நாளில் முடித்தேன்.

மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. "இப்போ பாரு, எவ்வளவு நன்னா இருக்கா" என்று அவள் தலையைத் தடவினார். பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தால் அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். வேன் கிளம்பியதும் என்னிடம் ஓடிவந்து கையை நீட்டுவாள். நான் இடுப்பில் சொருகி வைத்திருக்கும் மிட்டாயைக் கொடுப்பேன். இப்படியே ஒரு மாதம் போயிற்று.

இதற்கிடையே மேடம் இன்னொரு காரியம் செய்திருந்தார். நர்சரிக்கு மேலே ஒரு குளிக்கடவு உண்டு. அங்கே குளிக்க வரும் பெண்கள் சோப்புப் போடுகிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள், காட்டின் அமைதி கெடுகிறது என்று சொல்லி, நர்சரி நடக்கிற நாட்களில் வரவேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். படித்த அம்மா கேட்கிறார் என்று அவர்களும் வேறு கடவுக்குப் போய்விட்டார்கள். மேலேயிருந்து கூப்பாடு கொடுக்க இனி ஆள் இல்லை. எனக்கு அது தெரியும். பேசவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு நாள். மணி பதினொன்றரை இருக்கும். எங்கள் தலைக்குமேல் பளிச்சென்ற வானம், மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. பதினொரு பிள்ளைகளும் கணுக்கால் ஆழத் தண்ணீரில் கல்லடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தன. பெற்றோருக்குக் காட்டுவதற்காக மேடம் தாழ்வான ஒரு கல்லில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் கரையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண் வறுத்துக்கொண்டிருந்தேன். புகை கண்ணில் பட்டதால் முகத்தைத் திருப்பினேன்.

என் மகள் பெரிய பாறையின் உச்சியில் தனியாக நின்றாள். ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் தண்ணீரைப் பார்த்தேன். அணைக்கல்லில் காய்ந்த இலைகளும் நுரையும் வந்து ஒதுங்கியிருந்தன. தண்ணீர் டீயாகிவிட்டிருந்தது.

தொண்டை கிழிய, "கேறிக்கோ!" என்று கத்தினேன்.

"என்ன சத்தம் அது? கொழந்தைகளைப் பயப்படுத்தாதே!" என்று மேடம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னை அதட்டினார். பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாதமாக விளையாடக் கிடைக்காத விளையாட்டு. கல்லைப் போட்டன, செருப்பை எடுத்தன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பெரிய பாறைமேல் ஏறின. கண்ணாடிப் பையன் மட்டும் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றான். அவனைத் தூக்கி மேலே எறிகிற மாதிரி ஏற்றினேன். அதற்குள் இரைச்சல் வந்துவிட்டது. மேடம் நின்ற கல்லைச் சுற்றித் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். கையைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினேன். நாங்கள் திரும்பிப் பார்க்கும்போது அணையும் இல்லை, கல்லும் இல்லை. என் இரும்புச் சட்டி, வறுத்த மண், கூடைகள், மேடத்தின் நோட்டு எல்லாம் கல்லாற்றோடு போய்விட்டன.

கீழே எங்கள் கடைக் கடவில் யாரோ கூப்பாட்டை வாங்கி இன்னும் கீழே கூவுவது கேட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளம் அரைமணியில் தணிந்த பிறகு மேடம் ஈரத்தோடு உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பழைய வெளிச்சம் மறுபடி முகத்தில் வந்தது. "பாத்தியா? ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. எப்படி ஏறித்துகள் பாரு! கொழந்தைகளுக்கு இயற்கையே சொல்லிடறது" என்றார். அவரைத் தண்ணீரிலேயே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாவம் என்றால் பாவம்தான். தோன்றியது.

ஆனாலும் அடுத்த வகுப்பு நாளில் நான் புதுச் சட்டியோடு போய் நின்றேன். அந்த நர்சரி இன்னும் மூன்று மாதம் நடந்து, வேனில் வாந்தி தாங்காமல் மூடிப்போனது. மேடம் சொன்னபடி கடிதம் கொடுத்தார், அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் மகள் நகரத்தில் படித்தாள், நன்றாகவே படித்தாள். வகுப்பில் பேசவே மாட்டாள், ரொம்ப அடக்கமான பிள்ளை என்று எல்லா வருடமும் டீச்சர்கள் என்னிடம் பாராட்டிச் சொன்னார்கள்.

அன்றைக்கு, மேடம் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் பாறையிலிருந்து கடைசியாக இறங்கி வந்தாள். செருப்பைக் கீழே போட்டாள். என் புடவையைப் பிடித்துக் குனியவைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி காதில் சொன்னாள்.

"அம்மா, எலை வந்தத நான்தான் மொதல்ல கண்டேன். ஆருட்டயும் சொல்லல, கேட்டியா."

பிறகு கையை நீட்டினாள். வேன் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. என் இடுப்பில் மிட்டாய் நனைந்து தாளோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்துக் கொடுத்தேன்.